ரயில் கூட்டத்துக்குச் சொன்ன முடிவு

பதினைந்து ரீல் வரைக்கும் அதைப் போல ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. பதினாறாவது ரீலை எடுத்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று முதல் நாளே சபித்தேன். சபிக்கக்கூடாது என்று வேதத்தில் இருக்கிறது. சினிமாக் கொட்டகையில் வேலை பார்க்கக்கூடாது என்றும்தான் எங்கள் பாதிரி ஐயா பிரசங்கத்தில் சொன்னார், அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே. அவரா எனக்கு அரிசி வாங்கித் தரப்போகிறார்?

தென்காசியில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு கொட்டகையில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை எனக்கு. பெயர் ரெபேக்காள். பெண்களுக்குத் தனி வாசல், தனிப் பக்கம், நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தட்டி. அந்தப் பக்கம் விசிலடிப்பார்கள், இந்தப் பக்கம் மூக்கைச் சிந்துவோம்.

சனிக்கிழமை மேட்னிக்குச் செங்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பதினைந்து இருபது பெண்கள் வருவார்கள். எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள். சுற்றிய பீடியைத் தென்காசிக் கடையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு இலையும் தூளும் வாங்கிக்கொண்டு, நேரே படத்துக்கு வந்துவிடுவார்கள். படம் முடிய ஐந்தே கால் ஆகும். அவர்கள் ரயிலும் அதே நேரத்துக்கு. அதனால் ஐந்து மணி ஆனதும் திரையில் கொலையே நடந்தாலும் பையை இடுக்கிக்கொண்டு மொத்தமாக எழுந்துவிடுவார்கள். ரயில் கூட்டம் என்றே அவர்களுக்குப் பெயர். எந்தப் படமானாலும் கடைசி ரீல் அவர்களுக்குக் கிடையாது.

ஆகவே முடிவைச் சொல்வது என் பொறுப்பு. அடுத்த சனிக்கிழமை வாசலில் வந்து நின்று, "போன வாரம் கடைசில என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். நான் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "சேந்துட்டாவ" என்பேன். அல்லது, "அவன் ஜெயிலுக்குப் போயிட்டான்" என்பேன். அவ்வளவு போதும் அவர்களுக்கு. திருப்தியாக உள்ளே போய் அடுத்த படத்தைப் பார்ப்பார்கள். எட்டு வருஷமாக இப்படித்தான். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி போல இருந்த குருவம்மாள், வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள், அவள்கூட முடிவைக் கேட்காமல் உள்ளே போனதில்லை.

செங்கோட்டை மலையாள ராஜ்யத்தை விட்டு நம் ராஜ்யத்தோடு சேர்ந்த மறுவருஷம் மாசி மாதம் அந்தப் படம் வந்தது. புருஷன் ஒரு நாடகக்காரியோடு ஓடிப்போகிறான். பெண்டாட்டி கைக்குழந்தையோடு நிற்கிறாள். ஒரு தையல் மிஷினை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையை வளர்க்கிறாள். அழுது வடிகிற கதை என்றுதான் நானும் நினைத்தேன். அவள் அழவே இல்லை. வீட்டுக்காரன் வாடகைக்கு வந்து நின்றால் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பாள், அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான். பத்து வருஷம் கழித்து, பதினைந்தாவது ரீலில், கொட்டுகிற மழையில் புருஷன் வந்து கதவைத் தட்டுகிறான். திறக்கிறாள். மேலும் கீழும் பார்க்கிறாள். "இந்த வீட்டில் உங்கள் பொருள் எதுவும் இல்லை" என்கிறாள். கதவைச் சாத்துகிறாள். அந்த இடத்தில் பாட்டு இல்லை, வயலின் இல்லை. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும். தட்டிக்கு அந்தப் பக்கம்கூட ஒரு பீடி நெருப்பு அசையவில்லை.

பிறகு வருகிறது பதினாறாவது ரீல். அதே ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல். இடி. கோயில் மணி தானே ஆடுகிறது. பாவம் செய்துவிட்டேனே என்று அவள் தலைவிரிகோலமாக ஓடுகிறாள். மண்டபத்தில் சுருண்டு கிடக்கிறவன் காலில் விழுகிறாள். அவன் மன்னிக்கிறான். ஆமாம், அவன்தான் மன்னிக்கிறான்! பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிடுகிறது. இவள் அவன் மடியிலேயே பொட்டும் பூவுமாக உயிரை விடுகிறாள். ஆண்கள் பக்கம் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"வேற யாரோ எடுத்த மாதிரில்லா இருக்கு?" என்று ஆபரேட்டர் மசூது அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன்.

"அப்படித்தான் பேசிக்கிடுதாவ, தங்கச்சி. கதவச் சாத்துனதோட முடிச்சிருந்தாவளாம். படத்த வாங்க வந்தவன், இப்படி முடிச்சா எந்தக் குடும்பம் பாக்க வரும்னு கேட்டானாம்" என்றார் அவர்.

செண்பகவல்லி ரயில் கூட்டத்தில் ஒருத்தி. இருபத்தைந்து வயது இருக்கும். அவள் புருஷன் மாடக்கண்ணு ஐந்து வருஷத்துக்கு முன்னால் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். இவள் அண்ணன் அய்யாக்குட்டி வீட்டு மூலையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் கெட்டவன் இல்லை. கோபக்காரன், ஊர்வாய்க்குப் பயந்தவன், அவ்வளவுதான்.

தாழ்ப்பாள் விழுந்ததும் அன்றைக்கு ரயில் கூட்டம் எழுந்தது. செண்பகவல்லி எழவில்லை. குருவம்மாள் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்தாள். திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வந்து என் மேல் மோதினாள்.

படம் மறுவாரமும் ஓடியது. கூட்டத்துக்கு முன்னால் அவள் மட்டும் மூச்சிரைக்க வந்து நின்றாள். எல்லாரும் கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அவள், "யக்கா, அவ மறுபடி கதவத் திறந்தாளா?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரரும் போனவர்தான். மூன்று தடவை போனார், மூன்று தடவையும் திறந்தேன். மூன்றாவது தடவை வந்தவர் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்து செத்தார். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டது நான்தான். அதனால் எனக்கு வாய் அந்தப் பக்கமாகத்தான் திரும்பியது.

"திறக்கலட்டி" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "விடிய விடிய மழையில நின்னான். இவ உள்ள மிஷின மிதிச்சுக்கிட்டே இருக்கா. அந்தச் சத்தம் அவனுக்குக் கேக்கு. காலையில பால்காரன் வந்து, 'வெளிய யாரும்மா நின்னது?'ன்னு கேக்கான். 'வழி தெரியாம வந்தவரு'ங்கா. அப்புறம் பச்சத் துணியில பிள்ளைக்கு ஒரு பாவாட தைக்கா. பிள்ள அதப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவுது. வாசல்ல நின்னு பாக்கா. அவ்வளவுதான்."

பின்னால் வந்து நின்ற குருவம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பச்சைன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். கறுப்பு வெள்ளைப் படம். எனக்கு முகம் செத்துவிட்டது. செண்பகவல்லி அதைக் கேட்கவே இல்லை, உள்ளே ஓடிவிட்டாள்.

அந்தப் படத்தை அவள் நான்கு சனிக்கிழமை பார்த்தாள். நான்கு தடவையும் தாழ்ப்பாள் சத்தத்தோடு எழுந்து போனாள். மிச்சத்தை நான் சொன்னதிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

பங்குனியில் மாடக்கண்ணு வந்தான். நெஞ்சில் டீபி. சளியில் ரத்தம் வருகிறது என்றதும் புனலூர்க்காரி வெளியே தள்ளிவிட்டாள். அய்யாக்குட்டி வயலுக்குப் போயிருந்த நேரத்தில் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். செண்பகவல்லி திறந்திருக்கிறாள், மேலும் கீழும் பார்த்திருக்கிறாள், சாத்தியிருக்கிறாள்.

"அதே வார்த்தையச் சொன்னேன்க்கா. எனக்கு நாக்கு நடுங்கல" என்று என்னிடம் வந்து சொன்னாள். கையில் ஒரு துணி மூட்டை. அவனை ஏற்றுக்கொள்ளாவிட்டால் இந்த வீட்டில் உனக்கு இடமில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

என் ஒற்றை அறையில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். காலையில் பீடி, மத்தியானம் தையல். ராகம் இல்லாமல் பாடுவாள். காப்பியில் சீனியை அள்ளிப் போடுவாள், நான் கத்துவேன். முதலில் தைத்தது ஒரு பச்சை ரவிக்கை. கை ஒன்று நீளம், ஒன்று கட்டை. அதையே போட்டுக்கொண்டு திரிந்தாள். மூன்று மாதம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாதங்களை எண்ணினால் அந்த மூன்றும் வரும். ஒரு பொய்யால் ஒருத்தி நன்றாக இருக்கிறாள் என்றால் கர்த்தர் கண்ணை மூடிக்கொள்ள மாட்டாரா என்று நினைத்தேன்.

ஆனியில் சாரல் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது என் வாசல் கல்லில் சூடம் எரிந்த கறை இருந்தது. என் வீட்டில் ஏது சூடம்?

"அண்ணன் வந்திருந்தான்க்கா" என்றாள் செண்பகவல்லி. முகம் அப்படிப் பளபளத்தது. "ஊர்ல அவனுக்குத் தலகாட்ட முடியலயாம். கட்டுன புருஷன் என் மாட்டுத் தொழுவுல கெடக்கான், நீ சினிமாக்காரி வீட்டுல இருக்கன்னு கத்துனான். நான் படத்தச் சொன்னேன். அவ திறக்கல, அவள யாரும் குத்தம் சொல்லல, ஊரே பாத்துச்சுன்னு சொன்னேன். அப்படி ஒரு படத்த எவனும் எடுக்க மாட்டான்னான். குத்தாலத்துல சீசன் கொட்டகையில இப்போ அதே படம்தான் ஓடுதாம். நாளைக்கு மேட்னிக்கு எல்லாரும் போவோம், அவ திறக்கலன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், திறந்திருந்தா நீ அவன்கூட வந்துரணும்னான். சரின்னுட்டேன். சூடத்த அணச்சு சத்தியம் பண்ணிட்டேன்."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் ஒரு சிவப்பு வட்டம்.

நான் வாயைத் திறந்தேன். அவள் பச்சை ரவிக்கையை உதறி நாளைக்குப் போட எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மூடிவிட்டேன். கோழை என்றால் நான்தான். இன்றைக்கு வரைக்கும் அந்த நிமிஷத்துக்கு எனக்கு மன்னிப்பு இல்லை.

மறுநாள் கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். சீசனுக்குக் கூடாரம் போட்டு நடத்துகிற அந்தக் கொட்டகைக்கு, சீசன் முடிகிறவரை எங்கள் மசூது அண்ணாச்சிதான் ஆபரேட்டர். கூடாரத்துக்குப் பின்னால் நனைந்த திரைச்சீலையைக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கடைசி ரீல் வரலன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. ஒரே ஒரு ஆட்டம்."

அவர் திரைச்சீலையின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். "அருவியில குளிச்சிட்டு வந்து உக்காந்திருக்க கூட்டம், தங்கச்சி. முடிவு இல்லன்னா கூடாரத்தப் பிச்சு எறிஞ்சிரும். எனக்கு நாலு பிள்ளைக" என்றார். பிறகு, "நீதான சொன்ன. நீயே போய் இல்லன்னு சொல்லிரு" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மேட்னிக்கு முன்னால் கூடாரத்துக்கு எதிரே காப்பிக் கடையில் அய்யாக்குட்டியும் மாடக்கண்ணுவும் நின்றார்கள். மாடக்கண்ணுவை அன்றைக்குத்தான் பார்த்தேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அப்படியும் காப்பி போர்வையில் சிந்தியது. அவனைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அடுத்த பஸ்ஸில் வந்த செண்பகவல்லியும் நானும் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். ஈரத் தலைகளின் எண்ணெய் வாடை, மேலே கித்தான் துணியில் சாரல் சத்தம். படம் ஓடியது. அந்த நூல் கடிக்கிற இடத்தில் செண்பகவல்லி என் தொடையைக் கிள்ளினாள். தாழ்ப்பாள் விழுந்தது. கூடாரமே அடங்கிப்போனது. அவள் தட்டிக்கு மேலாக எம்பி அண்ணன் முகத்தைத் தேடினாள்.

அந்தக் கூடாரத்தில் ஒரே மிஷின். ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். எனக்கு மூன்று நிமிஷம் கிடைத்தது.

"எந்திரிட்டி. போவோம்" என்றேன்.

"எங்க?"

"ரயிலுக்கு நேரமாச்சு."

சிரித்துவிட்டாள். "இன்னிக்கு நமக்கு எந்த ரயிலும் இல்லக்கா. முதத் தடவையா முழுசாப் பாக்கப் போறேன். அந்தப் பால்காரன் வருவாம்லா?"

கையைப் பிடித்து இழுத்தேன். முறுக்குக் கூடைக்காரி எங்களை மிதித்துக்கொண்டு போனாள். "செண்பகம், நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். விளக்கு அணைந்தது.

இடி. காய்ச்சல். மணி ஆடியது. திரையில் அவள் ஓடினாள். செண்பகவல்லி முதலில் புரியாமல் முன்னால் குனிந்து பார்த்தாள். பிறகு என் காதுக்குள், "ரீல மாத்திப் போட்டுட்டாவளாக்கா? இது வேற படமா?" என்றாள்.

"இல்லட்டி. இதுதான்."

"பால்காரன்?"

"அதெல்லாம் நான் சொன்னது."

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையில் காலில் விழுந்தாள், அவன் மன்னித்தான். எங்களைச் சுற்றி எல்லாரும் விம்மினார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பந்தான் மனசு ஆறுச்சு" என்றாள். அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்தது. இந்தப் பக்கமும் தட்டினார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து கைதட்டி அந்தப் படத்தில்தான் பார்த்தேன்.

வெளியே சாரல் நிற்கவில்லை. அய்யாக்குட்டி ஜெயித்தவனைப் போல வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டு வந்தான். "வா பிள்ள" என்றான். அவ்வளவுதான்.

நான் நடுவில் போய் நின்றேன். "சத்தியமாவது மண்ணாவது. பொய் சொன்னது நான். அந்தப் பாவம் எனக்கு. நீ ஏன்ட்டி போகணும்?"

"சூடத்த நான்லா அணச்சேன்" என்றாள் செண்பகவல்லி. அழவில்லை. "அதுகூடப் போவட்டும்க்கா. அவ கதவச் சாத்துனப்ப எல்லாரும் சும்மா இருந்தாவ. அவளுக்காகத்தான் சும்மா இருக்காவன்னு நெனச்சேன். கால்ல விழுந்தப்பல்லா கை தட்டுதாவ. இத்தன பேருக்கு நடுவுல நான் எங்க போய் இருப்பேன்?"

"என் வீட்டுல இருட்டி."

மாடக்கண்ணு போர்வைக்குள் இருமினான். அவள் போய் அவன் தோளிலிருந்து நழுவிய போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு திரும்பிப் பார்த்து, "நீங்க சொன்னதுதான்க்கா நல்லாருந்துச்சு" என்றாள். மூன்று பேரும் செங்கோட்டை பஸ்ஸில் ஏறினார்கள்.

தையல் பள்ளிக்கூடத்தில் அவள் பாதி வெட்டி வைத்திருந்த துணியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை வந்தால் இப்போது நான்தான் கேட்கிற ஆள். டிக்கெட்டைக் கிழித்தபடியே, "செண்பகம் எப்படி இருக்கா?" என்பேன். குருவம்மாள் நடந்ததை நாலு வார்த்தையில் சொல்வாள். "தொழுவத்துலதான் ரெண்டு பேரும்." இன்னொரு வாரம், "அவனுக்குக் கொஞ்சம் தேவல." கார்த்திகை வாக்கில், "அவளுக்கும் இருமல்." தை மாதம், "பீடி சுத்த முடியல." செண்பகத்தின் சாப்பாட்டுத் தட்டை அண்ணன் வீட்டில் தனியாக வைத்துவிட்டார்கள் என்பதும் குருவம்மாள் வாயால்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். அய்யாக்குட்டி வாசலிலேயே மறித்துவிட்டான். தொழுவத்துக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு மூன்று வாரம் குருவம்மாளைக் காணவில்லை. மற்றவர்களைக் கேட்டால், "தெரியலயே" என்று வேகமாக உள்ளே போய்விட்டார்கள். நான்காவது சனிக்கிழமை அவள் வந்தாள். கூட்டத்தையெல்லாம் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வந்து நின்றாள்.

"செண்பகம் எப்படி இருக்கா, மதினி?"

குருவம்மாள் பையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "நல்லாருக்கா, ரெபேக்கா. ரொம்ப நல்லாருக்கா. புனலூருக்கே போயிட்டாவ ரெண்டு பேரும். அவனுக்கு அங்கன தோட்டத்துல காவக்கார வேல. இவளுக்கு இருமல் சுத்தமா நின்னுபோச்சு. ஒரு தையல் மிஷின் வாங்கியிருக்கா. வீட்டு முன்னால ஒரு பலா மரம் நிக்காம். பக்கத்து வீட்டு நாயர் பிள்ளைகளுக்கெல்லாம் அவதான் பாவாட தச்சுக் குடுக்காளாம். பச்சத் துணியில..."

அங்கே நிறுத்திவிட்டாள். எட்டொன்பது வருஷப் பழக்கத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் இருந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்போது என்று நான் கேட்கவில்லை. யார் தூக்கினார்கள் என்றும் கேட்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்து பாதியை அவள் கையில் கொடுத்தேன்.

"உள்ள போங்க மதினி. படம் போட்டுட்டாவ" என்றேன்.